ஆறினால் ஓடும் வண்டி

எனக்கும் இயந்திரங்களுக்கும் ஜாதகப் பொருத்தம் கிடையாது. தையல் மெஷினில் நூல் கோக்க வேண்டுமென்றால்கூட வீட்டில் யாரையாவது கூப்பிடுகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஓர் அறுவடை இயந்திரத்துக்கு மூன்று நாள் காவல் இருந்த கதை இது. எனக்குப் பெருமை சேர்க்கும் கதை அல்ல.

சோழவந்தான் பக்கம் என் அக்காள் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை, சுமார் 45,000 ஏக்கருக்குப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோகப் பாசனத்தில் அதுவும் சேர்த்தி. 1895-ல் முடிந்த பெரியாறு அணையின் புண்ணியத்திலும், 1959-ல் திறந்த வைகை அணையின் புண்ணியத்திலும் நெல் விளைந்துவிடுகிறது. ஆனால் முதல் போகம் முற்றி நிற்கும் சமயம் பார்த்துத்தான் ஐப்பசி மழையும் வந்து நிற்கும். கதிர் அறுக்க ஆள் கிடைப்பதில்லை. ஆகவே அத்தான் பாங்கில் கடன் வாங்கி, சேற்றில் புதையாத பெல்ட் வண்டி ஒன்றை வாங்கினார். தம் வயல் போக, பிறர் வயலிலும் மணிக் கணக்கில் ஓட்டித் தவணை கட்டுவதாக ஏற்பாடு. ஓட்டுவதற்கு ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயதிருக்கும்.

சென்ற ஐப்பசியில் அத்தானுக்குக் காய்ச்சல். "மாப்பிள்ளை, மூணு நாள் வரப்பிலே உட்கார்ந்து மணிக் கணக்கை மட்டும் எழுதி வையுங்க, போதும்" என்றார். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உண்டா? குடையும் நோட்டுப் புத்தகமுமாகப் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் நடுப்பகலில் பையன் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான்.

"சார், கால் மணி நேரம் கொடுங்க. வலைக்கூண்டைத் திறந்து உள்ளே தூசி ஊதணும்."

சிறுமலைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. அடுத்த வயல்காரர் என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். "அதெல்லாம் சாயங்காலம் ஊதிக்கலாம், தம்பி. மழை வருதில்லே? ஓட்டு" என்றேன். அதிகாரம் செய்வது அத்தனை சுலபமாக இருக்குமென்று எனக்கு அதுவரை தெரியாது. மறுநாளும் கேட்டான்; மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவன் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு வண்டி நடு வயலில் தயங்கியது. என்ஜின் உறுமுகிறது, பெல்ட் நகரவில்லை. அரை மணி ஆறவிட்டால் பத்து கஜம் ஊர்கிறது, மறுபடி நிற்கிறது.

இந்த வண்டியில், நாம் காரில் பார்ப்பதுபோல், ஓட ஓடக் கியர் மாற்றும் வேலை இல்லை. என்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்ற, மோட்டார் பெல்ட்டை நகர்த்துகிறது. பம்புக்குள் ஒரு சாய்வுத் தட்டு. லீவரை முன்னே தள்ளினால் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து வண்டி முன்னே போகும். பின்னே இழுத்தால் மறுபக்கம் சாய்ந்து பின்னே வரும். தட்டு நிமிர்ந்தால் வண்டி நின்றுவிடும். அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எங்கும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொல்லி வைத்தார். 1960-களில் அமெரிக்காவில் புல் வெட்டும் தோட்ட டிராக்டர்களுக்குள் புகுந்த இந்த ஏற்பாடு, இப்போது சோழவந்தான் சேற்றுக்கும் வந்திருக்கிறது.

விற்றவர்களின் ஆள் டெலிபோனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பம்பு போயிருக்கும். புதுசு மாத்தணும், லட்சத்துக்கு மேலே ஆகும்." அத்தானுக்குக் காய்ச்சல் இன்னும் இரண்டு டிகிரி ஏறியிருக்க வேண்டும். "லீவரை முரட்டுத்தனமா இழுத்துக் கெடுத்துட்டான்" என்று பையன்மேல் பாய்ந்தார். மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அன்றிரவே அனுப்பிவிட்டார். பையன் வாய் திறக்கவில்லை. என்னை மட்டும் ஒரு தடவை பார்த்தான். நானும் வாய் திறக்கவில்லை. தூசிக்கும் பம்புக்கும் சம்பந்தம் இருக்குமென்று எனக்கு அப்போது தெரியாது என்று சொல்லிக் கொள்ளலாம். சந்தேகம் இருந்தது என்பதுதான் உண்மை.

காலையில் வாடிப்பட்டியிலிருந்து ஒரு கிழவர் வந்தார். கொட்டகை போட்டு டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறவர். ஸ்பானரை எடுக்கவே இல்லை; வைத்தியர்போல் கேள்வி கேட்டார்.

"காலையிலே நல்லா ஓடுதா? முன்னே போறது, பின்னே வாறது ரெண்டும் ஒரே மாதிரி சோர்வா?"

இரண்டும் ஒரே மாதிரி என்றோம். ஒரு திசையில் மட்டும் சோர்ந்தால் அந்தப் பக்கத்து வால்வைச் சந்தேகிக்கலாமாம். இரண்டும் சோர்ந்தால் பொதுவான இடத்தில் தேட வேண்டுமாம். எண்ணெய் அளவு பார்த்தார், சரியாக இருந்தது. பாலாய் வெளுத்திருந்தால் தண்ணீர் கலப்பு, நுரைத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது என்றார், இரண்டும் இல்லை. பம்பைச் சுற்றும் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். எண்ணெய்க் குச்சியை முகர்ந்து, "கருகல் வாடை" என்றார். பிறகு நேராகப் போய் வலைக்கூண்டைத் திறந்தார்.

ரேடியேட்டருக்கும் எண்ணெய் ஆறுகிற கூலருக்கும் நடுவே வைக்கோல் சுணை மெத்தை தைத்ததுபோல் அடைந்திருந்தது. கை கையாய்ப் பிடுங்கிப் போட்டார்.

"காத்து போக வழியில்லே. எண்ணெய் கொதிச்சுத் தண்ணியா இளகிப் போனா, பிஸ்டன் ஓரமா நழுவிடும், தள்ளாது. ஆறினா மறுபடி தள்ளும். பம்பு பிழைச்சுக்கும்னுதான் நினைக்கிறேன்." சற்றுப் பொறுத்து, "வெளி வலையைத் தினம் தட்டியிருக்கான். உள்ளே ஊத நேரமில்லே போல. யாரு ஓட்டினது?" என்றார்.

அத்தான் பதில் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகு அவர் வெகுநேரம் என்னைப் பார்க்கவில்லை. மெக்கானிக்கிடம் பில்டர் விலை விசாரித்துக் கொண்டிருந்தார்.

எண்ணெயும் பில்டரும் மாற்றி வண்டி ஓட ஒன்றரை நாள் ஆயிற்று. அதற்குள் மழை முந்திக்கொண்டது. என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தாரே, அந்த வயல்காரருக்கு அரை ஏக்கர் நெல் தண்ணீரில் சாய்ந்துவிட்டது. அவரிடமும் சொன்னேன். "விடுங்க சார்" என்றார்; சிரிக்கவில்லை.

பையனுக்கு டெலிபோன் செய்தேன். அத்தான் பிடித்த சம்பளத்தை அனுப்புவதாகவும், அவன் திரும்பி வரவேண்டும் என்று அவர் சொல்வதாகவும் சொன்னேன். நான் செய்த தப்பையும் சொன்னேன். அவன் அதற்குள் தஞ்சாவூர்ப் பக்கம் வேறொரு வண்டியில் ஏறியிருந்தான். பின்னால் என்ஜின் சத்தம் கேட்டது.

"பரவாயில்லே சார். எண்ணெயை மாத்திட்டாங்களா? சூடு கண்ட எண்ணெயிலே மறுபடி ஓட்ட வேண்டாம்னு சொல்லுங்க" என்றான். அப்புறம், "நிறுத்திட்டு ஊதப் போறேன் சார், மணி பன்னிரண்டாச்சு" என்று டெலிபோனை வைத்துவிட்டான்.