பழைய பாவின் முனை

தென்னேரி என்னும் பெயரைத் ‘திரையன் ஏரி’ என்பதன் திரிபாகச் சொல்வதுண்டு. தொண்டைமான் இளந்திரையன் அமைத்த ஏரி என்பது வழிவழியாக வரும் பேச்சு. அந்த ஏரியைப் பற்றியும் ஊர்க் கோயில்களைப் பற்றியும் பெரியவர்கள் சொல்லக் கேட்டு எழுதிய குறிப்புகள் எங்கள் மூவரிடமும் சேர்ந்திருந்தன. 2013-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் அவற்றை ஓர் இணையதளமாக்க எண்ணினோம். நாங்கள் அறிந்த வீடுகளில் கணினி அரிது. செல்பேசி இல்லாத வீடோ அதைவிட அரிது. ஆகவே செல்பேசியில் படிப்பதற்கென்றே தளத்தை அமைப்பது என்று தீர்மானித்தோம்.

எங்களுள் எவரும் நிரலர் இல்லை. வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்கும் துணிவும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே ஆரம்ப வார்ப்புருக்கள் இருக்கின்றன. 2010-இல் வெளியான எச்.டி.எம்.எல்.5 பாய்லர்பிளேட் அவற்றுள் புகழ்பெற்றது. ‘பாய்லர்பிளேட்’ என்ற சொல் அச்சுலகத்திலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்கச் சிற்றூர்ப் பத்திரிகைகளுக்கு ஆயத்தமாக வார்த்து அனுப்பப்பட்ட அச்சுத் தகடுகளை அப்படி அழைத்தார்கள். அவ்வகையைச் சேர்ந்த, செல்பேசிக்கான ஓர் இலவச வார்ப்புருவை நாங்கள் இறக்கிக்கொண்டோம். ஒரு முகப்புப் பக்கம், ஒரு நடைதாள், சில படங்கள், பக்கம் கிடைக்காதபோது காட்டவேண்டிய அறிவிப்பு: ஆள் குடிவராத வீடுபோல எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

மாற்றவேண்டியவை என்று எங்களுக்குப் பட்டவற்றை மாற்றினோம். மொழி என்ற இடத்தில் ஆங்கிலத்தின் குறி இருந்தது. அதை நீக்கித் தமிழின் குறியை இட்டோம். யூனிகோடு குறிமுறையை அறிவிக்கும் வரி கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வந்தாகவேண்டும் என்று படித்து, அதை மேலே ஏற்றினோம். தலைப்பெழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைக்கும் கட்டளை ஆங்கிலத்துக்கு அழகு சேர்த்தது. எங்கள் செல்பேசியிலோ ‘கொ’வின் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகி நின்றன. அதையும் எடுத்தோம். ஓபரா மினியின் அமைப்புகளுக்குள் புகுந்து, எழுத்தைப் படமாக வரவழைத்துத் தமிழ் படித்த காலத்தை நாங்கள் மறந்திருக்கவில்லை. இம்முறை எழுத்துகள் உடையாமல் வந்ததே பெருமகிழ்ச்சியாக இருந்தது.

முதலில் தளத்தைக் காட்டியது நண்பரின் தந்தையாரிடம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டு நெய்தவர். குறிப்புகளில் பாதி அவர் சொன்னவை. மகனின் செல்பேசியை வாங்கி, தறியின் ஓரத்தில் அமர்ந்து, திரையில் இரு விரல்களை வைத்து விரித்தார். பக்கம் அசையவில்லை. மறுபடி விரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“எழுத்து நல்லாத்தான் இருக்கு தம்பி. பெரிசாக மாட்டேங்குதே. நீயே படிச்சுக் காட்டு.”

தாம் சொன்னதைத் தாமே படிக்க முடியாமல் அவர் பிறர் வாயால் கேட்க நேர்ந்தது. அன்றிரவு நிரலைத் துழாவினோம். காரணம் ஒரே வரியில் இருந்தது. திரையின் அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தச் சொல்லும் வரி அது. 2007-இல் ஐபோனோடு ஆப்பிள் கொண்டுவந்த ஏற்பாடு. அது இல்லாவிட்டால் ஐபோன் பக்கத்தை 980 புள்ளி அகலமுள்ளதாக எண்ணிச் சுருக்கிவிடும். தேவையான வரி என்பதால் அதைத் தொடவில்லை. அதன் வால்பகுதியில், ‘பயனர் பெரிதாக்கலாகாது’ என்னும் பொருளில் இரண்டு சொற்கள் ஒட்டியிருந்ததை நாங்கள் படிக்கவேயில்லை. எழுத்தை இருமடங்கு வரை பெரிதாக்க வழி இருக்கவேண்டும் என்று டபிள்யூ.3.சி.யின் அணுகல் நெறிகள் 2008-லேயே சொல்லியிருந்தன. வார்ப்புருவை எழுதிய எவரோ பக்கத்தின் ஒழுங்கு குலையக்கூடாது என்று நினைத்திருக்கலாம். அவர் எண்ணத்தில் எங்கள் பெரியவரின் கண்கள் இல்லை. எங்கள் எண்ணத்திலாவது இருந்திருக்க வேண்டும்.

அச்சொற்களை நீக்கி மறுநாள் கொண்டுபோனபோது அவர் தறியில் புதுப்பாவு ஏற்றிக்கொண்டிருந்தார். முந்தைய பாவை முழுதாக அறுத்தெடுப்பதில்லை. விழுதிலும் பண்ணையிலும் அதன் முனைகளை விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கிச் சேர்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகளை மறுபடி கோக்கும் வேலை மிச்சம். எங்கள் வார்ப்புருவும் இதுதானே என்று விளக்கினோம். அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்:

“சரிதான். ஆனா பழசுல ஒரு இழை விழுது மாறிக் கோத்திருந்தா, புதுசும் அதே எடத்துல மாறித்தான் வரும். சேர்க்கறதுக்கு முன்னாடி பாத்துக்கணும்.”

பிறகு செல்பேசியை வாங்கி விரல்களை விரித்தார். ஏரியைப் பற்றிய பக்கம் திரையை மீறி விரிந்தது. உதடு அசையப் படித்து, மதகைப் பற்றிய ஒரு செய்தியைத் தவறாக எழுதியிருக்கிறோம் என்று சுட்டினார்.

2016-இல் வந்த ஐ.ஓ.எஸ். 10 முதல் ஆப்பிளின் சஃபாரி உலாவி அந்தத் தடையைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அச்சொற்கள் இன்றும் பல தளங்களின் நிரலில் காணக்கிடைக்கின்றன. ஒருவரிடமிருந்து ஒருவர் படிக்காமல் எடுத்துக்கொண்டவை. புதிய வார்ப்புரு எதைத் திறந்தாலும் நாங்கள் இப்போது முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒருமுறை படித்துவிடுகிறோம். அலுப்பான வேலைதான். மதகைப் பற்றிய அந்தச் செய்தியையும் திருத்திவிட்டோம்.