புல்லு அறுக்காத கிடங்கு



இந்த வாரம் கடலை விதைப்பு பத்தி எழுதலாம்னு இருந்தேன். மனசு வேற பக்கம் போயிடுச்சு. வீட்டுக்காரம்மாவோட தம்பி, என் மச்சான், பட்டாளத்துல பதினேழு வருஷம் இருந்துட்டு பென்ஷனோட வந்தவர். எங்க வேலூர் பக்கத்துல பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் பாக்கணும். வந்தவர் சும்மா உக்கார முடியாம, பழைய பட்டாளத்துக்காரங்களை எடுக்கிற டி.எஸ்.சி. காவல் படையில மறுபடியும் சேர்ந்தார். இப்போ வடக்கே ஒரு வெடிமருந்துக் கிடங்குக்கு மாத்தல் வந்திருக்கு. "காவல் வேலைதானே மாமா, எல்லையில நிக்கிற மாதிரி இல்ல"ன்னு சிரிக்கிறார். அவங்க அக்காவுக்கு ராத்திரி தூக்கம் இல்ல.

அந்தம்மா பயப்படறதுல அர்த்தம் இருக்குதான்னு பாக்கத்தான் இதையெல்லாம் தேடிப் படிச்சேன். பத்தாவது வரைக்கும் படிச்ச எனக்குப் புரிஞ்ச அளவுல எழுதுறேன்.

முதல்ல ராஜஸ்தான் பரத்பூர். 2000ஆம் வருஷம் ஏப்ரல் 28, நல்ல கோடை. அங்க இருந்த ராணுவ வெடிமருந்துக் கிடங்கு பத்தி எரிஞ்சுது. நஷ்டம் சுமார் 390 கோடி ரூபாய். தீ பரவ என்ன காரணம் தெரியுமா? காஞ்ச புல்லு! கிடங்கைச் சுத்தி வளந்த புல்லை, செலவை மிச்சம் பிடிக்கிறோம்னு அறுக்காம விட்டிருந்தாங்கன்னு அப்போ செய்தி வந்துது. அடுத்த வருஷமே பஞ்சாப்ல பதான்கோட் பக்கமும், ராஜஸ்தான்ல சூரத்கட் பக்கமும் கிடங்குல தீப்பிடிச்சுது.

இதைப் படிச்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது. சித்திரை மாசம் வரப்புல காஞ்ச புல்லு இருந்தா ஒரு பீடித்துண்டு போதும்னு மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். வைக்கோல் போரை வீட்டை ஒட்டிப் போட மாட்டோம். ஒரு போருக்கும் இன்னொரு போருக்கும் நடுவுல இடம் விடுவோம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு மிஞ்சணும்.

ராணுவக் கிடங்கோட கணக்கும் அடிப்படையில இதேதான். ஒவ்வொரு கொட்டகையிலயும் எவ்வளவு சரக்கு வைக்கலாம், அடுத்த கொட்டகை எவ்வளவு தள்ளி இருக்கணும், ஜனங்க குடியிருக்கிற வீடு எவ்வளவு தள்ளி இருக்கணும்னு அளவு வச்சிருக்காங்க. சரக்கு எட்டு மடங்கு ஆனா தூரம் ரெண்டு மடங்கு ஆகணும்ங்கிறது உலகம் பூரா இருக்கிற கணக்கு. எது எதோட சேரக்கூடாதுன்னும் விதி உண்டு. நம்ம ஊர்ல கிணறு வெட்டப் பாறைக்கு வெடி வைக்கிறவர், டெட்டனேட்டரைத் தனியாவும் மருந்துக் குச்சியைத் தனியாவும்தான் கொண்டு வருவார். லாரியில ஏத்துறதுக்கும் அதே விதிதான்.

அப்படின்னா இதை யாரு பாத்துக்கிறாங்க? கல் குவாரிக்காரரும் சிவகாசி பட்டாசுக்காரரும் 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டத்துக்குக் கட்டுப்படணும். நாக்பூரைத் தலைமையிடமா வச்ச மத்திய அரசு அமைப்பு ஒண்ணு லைசன்ஸ் கொடுத்து, வந்து சோதனையும் போடும். ஆனா அந்தச் சட்டத்தோட பெரும்பகுதி ராணுவத்துக்குப் பொருந்தாதுன்னு அதே சட்டத்துல எழுதியிருக்கு. ராணுவத்துக்கு, வெடிபொருளை வைக்கிறதுக்கும் ஏத்தி இறக்குறதுக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ளயே ஒரு குழு இருக்கு. விதி போடுறதும் அவங்க வீடு, நடத்துறதும் அவங்க வீடு, சோதனை போடுறதும் அவங்க வீடு.

வெளியில இருந்து எட்டிப் பாக்கிறது மத்திய தணிக்கைத் துறை, சி.ஏ.ஜி. ராணுவ வெடிமருந்து நிர்வாகம் பத்தி 2015ல ஒரு அறிக்கை கொடுத்தாங்க. கிடங்குகள்ல தீயணைப்புச் சாமான் இருக்க வேண்டிய அளவுக்கு இல்ல, விபத்துக்கு வழி இருக்குன்னு அதுல எழுதினாங்க. ஒரு வருஷம் கழிச்சு என்ன ஆச்சு?

2016 மே 31, விடியறதுக்கு முன்னாடி, மகாராஷ்டிராவுல வார்தா மாவட்டம் புல்காவ். நாட்டுலயே பெரிய வெடிமருந்துக் கிடங்கு அது. ஒரு கொட்டகையில தீப்பிடிச்சு வெடிச்சுது. முதல்ல வந்த கணக்குலயே 16 பேர் செத்தாங்க. அதுல ரெண்டு பேர் அதிகாரிங்க. மத்தவங்கள்ல பெரும்பாலும் தீயை அணைக்கப் போனவங்க. டி.எஸ்.சி. ஜவான் ஒருத்தரும் உண்டு. என் மச்சான் இருக்கிற அதே படை. சுத்தி இருந்த கிராமத்து ஜனங்களை ராத்திரியோட ராத்திரியா வெளியேத்தினாங்க. டாங்கிகளுக்கு வைக்கிற கண்ணிவெடியில இருந்து மருந்து கசிஞ்சதுதான் காரணம்னு அப்போ பாதுகாப்பு அமைச்சரா இருந்த மனோகர் பாரிக்கர் சொன்னார்.

இதோட முடியல. 2018 நவம்பர் 20, அதே புல்காவ் பக்கத்துல பழைய வெடிமருந்தை அழிக்கிறதுக்காகப் பெட்டி இறக்கிட்டு இருந்தப்போ வெடிச்சுது. 6 பேர் செத்தாங்க. அதுல பக்கத்து ஊர்ல இருந்து கூலிக்கு வந்தவங்களும் இருந்தாங்க. நம்மளப் போல அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வச்சிருந்து, காட்டுல வேலை இல்லாத நாள்ல கூலிக்குப் போற ஜனங்கதான் அவங்களும். பெட்டிக்குள்ள இருக்கிறதோட குணம் என்னன்னு அவங்களுக்கு யாராவது உக்கார வச்சுச் சொல்லியிருப்பாங்களா? எனக்கு அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருது.

கிடங்குக்குப் பக்கத்துல நிலம் வச்சிருக்கிற சம்சாரி நிலைமையையும் சொல்லணும். 1903ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு, வெள்ளைக்காரன் போட்டது. ராணுவ இடத்தைச் சுத்தி, அதிகமாப் போனா 2000 கெஜம் வரைக்கும், கட்டுப்பாடு போட அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கு. அறிவிச்சுட்டா இஷ்டத்துக்கு வீடு கட்ட முடியாது, மண்ணை மேடு பள்ளம் பண்ண முடியாது. நிலம் உங்க பேர்ல இருக்கும், பட்டா இருக்கும், ஆனா கை கட்டித்தான் நிக்கணும். அதுக்கு இழப்பீடு கொடுக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு, கலெக்டர் விசாரிச்சுத் தீர்மானிக்கணும். கட்டுப்பாட்டை மட்டும் ஞாபகம் வச்சு இழப்பீட்டை மறந்தா அது நியாயம் இல்ல. அதே மாதிரி, இடைவெளி விடுன்னா அது நம்ம உயிருக்காகவும்தான்னு நாமளும் ஒத்துக்கணும். கிடங்கு சுவரை ஒட்டி மனை போட்டு விக்கிறவனை நம்பி வீடு கட்டக்கூடாது.

ராணுவ விஷயம்னா ரகசியம்னு சொல்வாங்க. வாஸ்தவம்தான். எந்தக் கொட்டகையில எத்தனை குண்டு இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். ஆனா புல்லு அறுத்தாச்சான்னு கேக்கிறது ரகசியமா? தீயணைப்பு வண்டியில தண்ணி இருக்கா, ஆள் இருக்கான்னு கேக்கிறது ரகசியமா? தீப்பிடிச்சா எந்த ரோட்டுல, எந்தப் பக்கம் ஓடணும்னு சுத்தி இருக்கிற ஊருக்குச் சொல்லி வைக்கிறது ரகசியமா? இதைச் சொன்னா எதிரிக்கு ஒரு லாபமும் இல்ல. மறைச்சா நம்ம ஆளுங்கதான் சாவாங்க.

சி.ஏ.ஜி. 2017ல மறுபடியும் போய்ப் பாத்தாங்க. தீயணைப்புக்கு ஆள் பத்தாத நிலைமை அப்பவும் அப்படியேதான் இருந்துது. தணிக்கைக்காரர் எழுதுறதோட சரி. எழுதினதைக் கையில வச்சுக்கிட்டு "என்ன செஞ்சீங்க"ன்னு கேக்க வேண்டியது பார்லிமென்ட். அங்க போய்க் கேக்க வேண்டியது நாம ஓட்டுப் போட்டு அனுப்பின ஆள். ரோடு, தண்ணின்னு கேக்கிறோம்ல, அந்த வரிசையில இதையும் கேக்கலாம். பட்டாளத்துக்கு இவ்வளவு பிள்ளைங்களை அனுப்புற எங்க பக்கத்து ஜனங்க கேக்காட்டி வேற யாரு கேப்பாங்க?

போன ஞாயித்துக்கிழமை மச்சான் போன் பண்ணினார். நலம் விசாரிச்சு முடிச்சதும், "அங்க புல்லு அறுத்திருக்காங்களா மாப்ள?"ன்னு கேட்டேன். "என்ன மாமா, மாட்டுக்குத் தீவனமா?"ன்னு கிண்டல் பண்ணினார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம். அப்புறம், "நாளைக்கு ரவுண்டு போறப்போ பாத்து எழுதி வைக்கிறேன் மாமா"ன்னார்.