பாண் வரும் வழி

2022ஆம் ஆண்டில் ஒருநாள் காலை. பாண் வாங்கப் போன என் மகன் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"கொண்டு போன காசு காணாது உம்மா. நேற்றைய விலை இன்றைக்கு இல்லையாம்."

கடைக்காரரைத்தான் திட்டினேன். அவர் மீது குற்றமில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

சகோதரிகளே, நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை; கப்பலில்தான் வர வேண்டும். அந்த வருடம் பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது போர் தொடுத்தது. உலகச் சந்தைக்கு வரும் கோதுமையில் கால் பங்குக்கு மேல் இவ்விரு நாடுகளினதும்தான். உக்ரேனின் கருங்கடல் துறைமுகங்கள் முடங்கின. மே 13இல் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. விளைவிப்பவர்கள் கதவைச் சாத்தினால் வாங்கி உண்பவர்கள் என்ன செய்வது?

நம் பக்கத்திலும் பிழை இருந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. நெல் விளைச்சல் சரிந்தது. அரிசியையும் வெளியில் வாங்க வேண்டியதாயிற்று. டொலரோ இல்லை. உணவுப் பொருட்கள் நிறைந்த கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தன. ரூபாவின் மதிப்பும் விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுத்தோம்.

அப்படியானால் வெளிநாட்டு வர்த்தகமே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. 1952இல் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது சீனாவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தோம். வருடத்துக்கு 50,000 தொன் இறப்பரை நாம் கொடுக்க, 270,000 தொன் அரிசியை அவர்கள் தர வேண்டும். அன்று நமக்குச் சோறு போட்டது வர்த்தகம்தான். 1970களில் அந்நியச் செலாவணியின்றி இறக்குமதி இறுகியபோது, விடியுமுன்பே பாண் வரிசையில் நின்ற கதையை என் உம்மா இன்றும் சொல்லுவார்.

கதவை அடைத்தாலும் பசி. ஒரே வாசலை நம்பியிருந்தாலும் பசி. பல நாடுகளிடம் வாங்கும் வழி, களஞ்சியத்தில் சேமிப்பு, சொந்த வயலில் நெல் ஆகிய மூன்றும் ஒரு நாட்டுக்கு வேண்டும்.

வீட்டுக்கும் அப்படித்தான். இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு நாள் காலையில் பாண் இல்லை. குரக்கன் ரொட்டி அல்லது மரவள்ளிக்கிழங்கு. மகன் முகத்தைச் சுளிக்கிறான். ஆனாலும் கோப்பையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

உங்கள் வீட்டில் எப்படி?