மாமனார் கொடுத்த பாசி

தேனியில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மீன்தொட்டி. உள்ளே இரண்டு கோல்டு ஃபிஷ். முதலில் மூன்று இருந்தன. மூன்றாவது ஒரு செவ்வாய்க்கிழமை காலை மல்லாந்து மிதந்தது. 'அப்பா, அது தூங்குதா?' என்று மகள் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு.

'பிளாஸ்டிக் செடியை எடுங்க சார், வால் கிழியுது. உயிர்ச்செடி வைங்க' என்றார் கடைக்காரர். 160 ரூபாய்க்கு வாங்கி வைத்தேன். மறுநாள் வெறும் காம்பு! கோல்டு ஃபிஷ், கெண்டைக்குப் பங்காளி. மேய்கிற புத்தி போகுமா? பி.காம். படித்த எனக்கு இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியவில்லை.

'எங்கப்பாவைக் கேளுங்களேன்' என்றாள் மனைவி. அங்கேதான் சிக்கல். உத்தமபாளையத்தில் மாமனாருக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல். 'வித்துட்டு பேங்க்ல போடுங்க மாமா, வட்டியே அதிகம் வரும்' என்று போன பொங்கலுக்கு அட்வைஸ் பண்ணித் தொலைத்தேன். அன்றிலிருந்து மனுஷர் என்னோடு பேச்சே இல்லை.

மகளுக்காக பஸ் ஏறினேன். வீரபாண்டி, சின்னமனூர்... வழியெல்லாம் வாழை, தென்னை, நெல். மாமனார் என் முகத்தைப் பார்க்காமல் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். தண்ணீருக்குள் கொத்துக் கொத்தாக ஹைட்ரில்லா. ஸ்கூல் லேபில் புனலைக் கவிழ்த்துக் குமிழி எண்ணினோமே, அதே செடி!

'இந்தத் தண்ணி எப்படி வருது தெரியுமா கண்ணு?' கேட்டது பேத்தியிடம், பதில் எனக்கு. 'மேற்கே ஓடின பெரியாறை அணை கட்டி, மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பினாரு பென்னிகுயிக். 1895-ல. அதனாலதான் நமக்கு இருபோகம். இதை எந்த பேங்க்ல போடுறது?'

நான் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

'வயல்ல இருந்து வடியுற தண்ணியில பாசி எடுக்கக் கூடாது. மருந்து இருக்கும். ஓடுற தண்ணியில எடுக்கணும்' என்று அவரே இறங்கிப் பறித்தார்.

வீட்டில் நன்றாக அலசி, இரண்டு வாரம் தனி வாளியில் வைத்தேன், நத்தை முட்டை ஏதும் ஒட்டி வராமலிருக்க. இதற்கு மண்கூட வேண்டாம், மிதக்கவிட்டால் போதும். மீன் தின்னத் தின்ன வளர்கிறது. கூடவே கடையில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் வாங்கினேன். இரண்டுக்கும் தடித்த இலை. மீன் கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். தண்டைப் புதைத்தால் அழுகும். கல்லில் நூலால் கட்டினால் பிடித்துக்கொள்ளும்.

மிஞ்சின பாசி ரோஜாத் தொட்டிக்கு உரம். கண்ட இடத்தில் வீசக் கூடாது சார். மீன்தொட்டி வியாபாரத்தில் 1950-களில் ஃபுளோரிடா போன ஹைட்ரில்லா, அங்கே ஏரி, ஆறுகளை அடைத்து அமெரிக்காக்காரனை அழவிட்டது.

எட்டு மாதமாயிற்று. இரண்டு மீனும் சௌக்கியம். போன வாரம் மாமனார் அவராகவே போன் பண்ணினார். 'என்ன மாப்பிள்ளை, பாசி எப்படி இருக்கு?'

'அசல் அப்படியே இருக்கு மாமா. மீனுங்க வட்டியைத்தான் தின்னுது!'

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். வயலைப் பற்றி இப்போதெல்லாம் நான் வாயே திறப்பதில்லை.