எதிராளி எழுதிய அட்டை

எங்கள் சேம்பர் தம்புச் செட்டித் தெருவில் இரண்டாம் மாடி. குறுகலான படி. முதலில் ஒரு பை உள்ளே வந்தது, பிறகுதான் அவள். ஆளில் முக்கால் உயரம் இருந்தது பை. நீலகிரி எக்ஸ்பிரஸில் பெர்த்தில் அதைப் படுக்கவைத்துவிட்டு, இரவெல்லாம் அதன் காலடியில் உட்கார்ந்தே வந்திருக்கிறாள்.

“கிரிக்கெட்டாம்மா?” என்றார் குமாஸ்தா.

“இல்லண்ணே, கோல்ஃப்.”

அவர் அவளது செருப்பையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். கோல்ஃப் ஆடுகிறவர்கள் காரில் வருவார்கள் என்பதுதான் அதுவரை எங்கள் எல்லோருடைய எண்ணமும். இவளுடைய அப்பா குன்னூர்ப் பக்கம் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கும் கேடியாக இருந்தவர். உறுப்பினர்கள் தூக்கிப்போட்ட பழைய மட்டைகளில் ஆடப் பழகியவள் அவள்.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. நான் ஜூனியராகச் சேர்ந்து மூன்றாவது வருடம். தென்னிந்தியாவில் பெண்களுக்கென்று ஆண்டுக்கு நாலைந்து பரிசுப் போட்டிகளை நடத்திவந்த சிறு அமைப்பு ஒன்று அவளை ஓராண்டுக்கு இடைநீக்கம் செய்திருந்தது. அமைப்பின் பெயர் வேண்டாம். அதை நடத்தியவர்களும் கஷ்டப்பட்டவர்களே.

நடந்தது இதுதான். இரண்டாம் சுற்றில், பதினான்காம் குழிக்கு அவள் எடுத்துக்கொண்டது ஐந்து அடி. அட்டையில் நான்கு என்று இருந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோல்ஃபில் ஒவ்வொரு ஆட்டக்காரர் பின்னாலும் நடுவர் நடப்பதில்லை. கூட ஆடுபவர் உங்கள் கணக்கை எழுதுவார், அவர் கணக்கை நீங்கள் எழுதுவீர்கள். முடிந்ததும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு குழிக்கு உண்மையைவிடக் கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும். குறைவாக எழுதியிருந்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். எழுதியவர் யாராக இருந்தாலும் பழி கையெழுத்துப் போட்டவருக்கு.

“ஜாக்கி பங்குக்கே நடந்துச்சு மேடம்” என்றாள். ஹவாயைச் சேர்ந்த ஜாக்கி பங், 1957-ல் நியூயார்க் மாநிலத்தின் விங்டு ஃபுட் மைதானத்தில் அமெரிக்கப் பெண்கள் ஓபனை ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் அவர் அட்டையில் நான்காம் குழிக்கு ஆறுக்குப் பதில் ஐந்து. எழுதியவர் உடன் ஆடிய பெட்டி ஜேம்சன். ஜேம்சனின் அட்டையில் அதே குழிக்கு அதே தப்பைப் பங் செய்திருந்தார்! மொத்தக் கூட்டல் சரியாகவே இருந்தது. இருந்தும் இருவரும் வெளியே, கோப்பை பெட்ஸி ரால்ஸுக்கு. மனசு கேட்காத கிளப் உறுப்பினர்களும் மற்றவர்களும் அங்கேயே பணம் திரட்டிப் பங்கிடம் கொடுத்தார்கள். முதல் பரிசு 1,800 டாலர். திரண்ட தொகை அதைவிட அதிகம்.

இவளுக்கு யாரும் திரட்டவில்லை. தகுதிநீக்கத்தை வாய்திறக்காமல் ஏற்றுக்கொண்டு ஊருக்குப் போனாள். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது: வேண்டுமென்றே குறைத்துக் காட்டினாள், ஓராண்டு ஆடக் கூடாது. விளக்கம்கூடக் கேட்கவில்லை. முடிவெடுத்த குழுவில் ஐந்து பேர். அவர்களில் மூவர் அவளோடு அதே பரிசுக்கு ஆடுகிறவர்கள். அந்த மூவரில் ஒருவர், அட்டையில் அந்த நான்கை எழுதியவர்.

சீனியர் கடிதத்தை இரண்டுமுறை படித்தார். “போட்டியிலேர்ந்து தூக்கினதை நாம தொடப்போறதில்லம்மா. அது ஆட்ட விதி, கோர்ட்டு உள்ள வராது. இந்த ஒரு வருஷம் வேற. அது பொழப்பு.” பிறகு என்னிடம், “எழுபதுகள்ல அமெரிக்காவுல ஒரு கோல்ஃப் கேஸ் உண்டு, தேடிப் பாரும்மா” என்றார்.

தேடி எடுத்தது ஜேன் பிளாலக் வழக்கு. இன்றும் அதை யாராவது குறிப்பிட்டால் காதைத் தீட்டிக்கொள்வேன்.

1972 ஏப்ரலில் கால்கேட் நிறுவனம் பாடகி டைனா ஷோர் பெயரில் ஒரு போட்டியை ஆரம்பித்தது. மொத்தப் பரிசு 1,10,000 டாலர். பெண்கள் கோல்ஃப் அதுவரை கண்டிராத தொகை. முதல் ஆண்டே 20,000 டாலரோடு ஜெயித்தவர் பிளாலக். அடுத்த மாதமே கென்டக்கி மாநிலம் லூயிவில்லில், புல்தரையில் பந்து கிடந்த இடத்தை நாணயம் வைத்துக் குறித்தபோது குழிப்பக்கமாக நகர்த்தி வைத்தார் என்று குற்றச்சாட்டு. எல்பிஜிஏ எனும் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் நிர்வாகக் குழு முதலில் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தது. சில நாளில், அவரை மறுபடி கேட்காமலே, ஓராண்டு இடைநீக்கமாக மாற்றியது. குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் அவரோடு களத்தில் ஆடுகிறவர்கள்.

அட்லாண்டா கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி சார்லஸ் மாய் முன் வழக்கு வந்தது. ஏமாற்றினாரா இல்லையா என்ற கேள்விக்கே அவர் போகவில்லை. முதலில் ஆடவிட்டார், ஜெயிக்கும் பணம் தனியே வைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1973-ல் தீர்ப்பு: ஒருவரைச் சந்தையிலிருந்து வெளியேற்றினால் அவர் பங்கு யாருக்குப் போகுமோ, அவர்களே கூடி வெளியேற்றுவது, வணிகப் போட்டியை நசுக்குவதைத் தடுக்கும் அமெரிக்காவின் ஷெர்மன் சட்டத்துக்கு எதிரான கூட்டுப் புறக்கணிப்பு. நஷ்டஈடு 4,500 டாலர், சட்டப்படி மும்மடங்காக்கி 13,500. வக்கீல் கட்டணமும் செலவும் மட்டும் சுமார் 95,000 டாலர் என்று பின்னர் தீர்ந்தது. எங்கள் தொழிலைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

படித்தபோது எனக்கு அந்தச் சங்கத்தின் மேல் கோபம் வரவில்லை. 1950-ல் பதின்மூன்று பெண்கள் சேர்ந்து தொடங்கியது அது. பேப் ஸஹாரியஸ், பேட்டி பெர்க், லூயிஸ் சக்ஸ் எல்லாம் அதில் உண்டு. ஊர் ஊராகக் காரில் போய், மைதானத்தைத் தாங்களே தயார் செய்து, விதி மீறலைத் தாங்களே விசாரித்து, காசோலையைத் தாங்களே எழுதினார்கள். கூட்டம் சேர்க்கக் குத்துச்சண்டை மேடையில்கூட ஏறி விளம்பரம் செய்தார்கள். சம்பளம் கொடுத்து ஆள் வைக்கக் காசில்லை, அதனால் ஆடுகிறவளே அதிகாரி. பரிசு சொற்பமாக இருந்தவரை அது தியாகமாகத் தெரிந்தது. பெரிய பணம் வந்த வருடமே குற்றமாகிவிட்டது. வழக்குக்குப் பின் 1975-ல் ரே வோல்ப்பி என்ற வெளி ஆளை முதல் ஆணையராக நியமித்தார்கள்.

எங்கள் வழக்கில் ஷெர்மன் சட்டத்துக்கு வேலையில்லை. நம்முடைய போட்டிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2009-ல்தான் நடைமுறைக்கு வந்தன. ஆகவே சீனியர் பிடித்தது கிரைபக் வழக்கு. காஷ்மீர் வன அதிகாரி ஒருவர், தானே விண்ணப்பதாரராக இருந்த பதவிக்கான தேர்வுக் குழுவில் உட்கார்ந்தார். தன் பெயர் வந்தபோது விலகியிருந்தும், மற்றவர்களை எடைபோட்டதில் அவர் கை இருந்தது என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் தேர்வையே ரத்து செய்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் சளைத்தவர் அல்ல. ஃப்ரீமேசன் லாட்ஜ் ஒன்றிலிருந்து உறுப்பினரை நீக்கிய டாவர் வழக்கைக் காட்டி, சங்கத்துக்குள் நடக்கும் விசாரணையை நீதிமன்ற அளவுகோலால் அளக்க முடியாது என்றார். பிறகு, “வருடத்துக்கு நாலு போட்டி யுவர் ஆனர். வாதி வழக்கமாக வருவது ஒன்பதாவது இடம். பரிசு ரயில் டிக்கெட்டுக்கும் லாட்ஜ் வாடகைக்குமே சரியாகப் போகும். இதில் என்ன நஷ்டம்?” என்றார்.

பின்வரிசையில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

“நாலே போட்டி என்பதுதான் யுவர் ஆனர் எங்கள் வழக்கே” என்றார் சீனியர்.

சிட்டி சிவில் கோர்ட் நீதிபதிக்குக் கோல்ஃப் தெரியாது. அட்டையின் நகலைக் கண்ணாடிக்கு மேலாகத் தூக்கிப் பிடித்தார். “இந்த நான்கை எழுதினது யாரு?”

“குழு உறுப்பினர்.”

“அவங்களும் ஆடறாங்களா?”

“இவருக்கு முன்னால், எட்டாவது இடத்தில்.”

“பரீட்சை ஹால்ல பக்கத்து பெஞ்சுப் பிள்ளையே பேப்பரைத் திருத்தி, காப்பி அடிச்சான்னு பெயிலும் ஆக்குற மாதிரில்ல இருக்கு” என்றவர், இடைக்கால உத்தரவு போட்டார். ஆடலாம், பரிசுப் பணம் நீதிமன்றத்தில் கட்டப்பட வேண்டும். நீதிபதி மாய் செய்ததைப் போலவே.

அவள் ஒரு போட்டி ஆடினாள். ஆறாவது இடம். அந்தச் சில ஆயிரம் ரூபாயை நீதிமன்றத்திலிருந்து வாங்க மனுப்போட்டு ஏழு மாதம் அலைந்தோம். அடுத்த போட்டிக்குப் பணம் தருவதாக இருந்த நகைக்கடை பின்வாங்கியது, போட்டி ரத்து. அதற்கடுத்ததும் நடக்கவில்லை. புதிய குழு வந்து இடைநீக்கத்தைத் திரும்பப் பெற்றது, சமரச மனுவில் வழக்கு முடிந்தது. கையெழுத்துப் போடும்போது அவள் சொன்னாள்: “நாம ஜெயிச்சிட்டோம் மேடம். ஆடறதுக்குத்தான் போட்டி இல்ல.” இதற்குத் தடை கேட்க எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு இருக்கிறது? பிறகு ஒரு பள்ளியில் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட்டாள்.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை விடிகாலை ஃபோன் அடித்தது. “மேடம், டிவி போடுங்க.” டோக்கியோ ஒலிம்பிக். கோல்ஃப் என்றால் என்னவென்று தெரியாதவர்களெல்லாம் அன்று பெங்களூரின் அதிதி அசோக்குக்காக எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அடியில் வெண்கலம் தவறி நான்காம் இடம். “பையைத் தூக்குனது யாரு பாத்தீங்களா? அவங்க அம்மா” என்றாள். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை.

பிறகு, “அந்த அட்டையோட ஜெராக்ஸ் இன்னும் உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டாள். எதற்கு என்றேன். “பசங்களுக்குக் காட்டணும். எண்ணிப் பாக்காம கையெழுத்துப் போடுறாங்க.”

பரணிலிருந்து வழக்குக் கட்டை இறக்கிப் பிரித்தேன். மூன்றாவது ஆவணம். தாள் மஞ்சளாகியிருந்தது, நான்கு அப்படியே இருந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.