வாப்பாவின் வீட்டுக்கு ஒரு விலை

வாரிசுதாரர்கள் சேர்ந்து ஒரு வீட்டை விற்கும்போது, நல்ல விலை தேடுவது வெறும் விருப்பமன்று, கடமையும் ஆகும். விற்கப்படுவது ஒருவருக்கு மட்டும் உரிய பொருள் அன்று. எங்கள் வாப்பா 1988-இல் அதிராம்பட்டினத்தில் கட்டிய வீட்டை, வாப்பாவும் உம்மாவும் காலமான பின், 2024-இல் விற்க முடிவு செய்தோம். காக்கா, ராத்தா, நான், தங்கை என நாங்கள் நால்வர். அடைக்கவேண்டிய கடனோ நிறைவேற்றவேண்டிய வஸிய்யத்தோ இல்லை. எனவே ஆண்களுக்கு இரண்டிரண்டு, பெண்களுக்கு ஒவ்வொன்று என வீடு ஆறு பங்காயிற்று. ராத்தா கணவரை இழந்தவர். வாடகை வீட்டில் வாழ்பவர். விலையில் ஆறு லட்சம் குறைந்தால் அதில் ஒரு லட்சம் அவருடையது.

வேலையை வாப்பாவின் இரும்புப் பெட்டியிலிருந்து தொடங்கினோம். மூலப்பத்திரம், வீட்டுவரி ரசீதுகள், மின் இணைப்புத் தாள்கள் அதில் இருந்தன. வாரிசுச் சான்றிதழ் பெற்று, பட்டாவை நால்வர் பெயருக்கும் மாற்றி, 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றையும் எடுத்து வைத்தோம். தாள்கள் ஒழுங்காக இல்லாத வீட்டுக்கு வாங்குபவர் தம் அச்சத்தையும் சேர்த்தே விலை குறைப்பார். இந்த ஏற்பாட்டுக்கு நான்கு மாதங்கள் ஆயின.

அடுத்து விலை. அரசின் வழிகாட்டி மதிப்பு பத்திரப்பதிவுக்கான கணக்கு. சந்தை விலை அதுவன்று. தெருவில் பேசப்படும் விலையோ ஆசையின் கணக்கு. அண்மையில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் உண்மையாகவே கைமாறிய மனைகளின் விலையை, விற்றவர்களிடமும் வாங்கியவர்களிடமும் கேட்டறிந்தோம். சதுர அடி 1,800 ரூபாய் என்று தெரிந்தது. ஐந்து சென்ட், அதாவது 2,178 சதுர அடிக்கு 39 லட்சத்து 20 ஆயிரம். கட்டடம் 1,100 சதுர அடி. இன்று புதிதாகக் கட்டினால் 22 லட்சம் ஆகும் என்றார் பொறியாளர். அதன் ஆயுளை 60 ஆண்டுகள் எனக் கொண்டால் 36 கழிந்துவிட்டன. மீதிக்கு 8 லட்சத்து 80 ஆயிரம். ஆக மொத்தம் 48 லட்சம். வாப்பாவின் உழைப்புக்கும் எங்கள் நினைவுகளுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. அவற்றை வாங்குபவரின் தலையில் ஏற்றுவது நியாயமும் ஆகாது.

வீட்டை ஆயத்தப்படுத்தும்போது ஒரு கோட்டை வகுத்துக்கொண்டோம். பழுதை நீக்குவது ஆகுமானது. பழுதை மறைப்பது ஆகாது. பழைய சாமான்களை அகற்றி, ஒழுகிய குழாய்களை மாற்றி, முற்றத்தைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் பெயர்த்த ஓடுகளுக்குப் பதில் புதியவை வேய்ந்தோம். மேற்குச் சுவரில் மட்டும் அடியிலிருந்து உப்புப் பூத்துக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. பட்டி பூசி வண்ணம் அடித்தால் மூன்று மாதம் தெரியாது என்றார் கொத்தனார். அதுவே எங்களுக்குத் தயக்கம் தந்தது. உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டு, அச்சுவரை அப்படியே விட்டோம்.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, அடியில் ஈரத்தைக் கண்ட செய்தி நாம் அறிந்ததே. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். மழையை வணிகர் பொழிவிக்கவில்லை. எங்கள் நிலத்தடி உப்பும் எங்கள் செயலன்று. ஆயினும் அதை மேலே வைப்பது எங்கள் பொறுப்பு.

முதலில் வந்தவர் 49 லட்சத்துக்கு ஒப்பினார். முன்பணம் பெறுமுன், சித்திரை, வைகாசியில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும், குடிநீருக்குத் தெருக்குழாய்தான் என்று நான் சொன்னேன். இரண்டு நாளில் அவர் விலகிக்கொண்டார். காக்கா மனம் நொந்தார். "அவர் கேட்கவே இல்லையே தம்பி. நாம் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லி ராத்தாவின் பணத்தை அல்லவா கெடுத்தாய்?" என்றார். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. என் நேர்மைக்கான விலையில் ஒரு பகுதியை ராத்தா கொடுக்கிறார் என்பது உண்மை.

ராத்தாவே பதில் சொன்னார்: "கோடையில் குடத்தோடு குழாயடியில் நின்றவள் நான், காக்கா. வரப்போகும் வீட்டுப் பெண்ணும் அங்கேதான் நிற்பாள். அதைச் சொல்லாமல் வாங்கிய பணத்தை நான் எப்படிச் செலவழிப்பேன்?"

அடுத்து, தரகர் ஒருவரை அழைத்து வந்தார். ஐம்பது லட்சம், ஆனால் பத்திரத்தில் முப்பது, மீதி ரொக்கம். இப்போது தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. அதைக் குறைப்பதற்கே இந்த ஏற்பாடு. வீடு விற்ற தொகையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதற்கும் முன்னதாக, பொய்யான விலையை எழுதி நால்வரும் கையொப்பமிடவேண்டும். வேண்டாம் என்றோம். அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை.

இறுதியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். மகளுக்கு வீடு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம், அதற்காகவே கேட்டார். வீட்டின் குறைகள் அனைத்தும் அவர் அறிந்தவை. உடனே 20 லட்சம், ஆறு மாதத்தில் 26 லட்சம் என 46 லட்சம் தருவதாகச் சொன்னார். அபூ ராஃபிஃ (ரலி) அவர்கள் தம் வீட்டுக்கு வேறிடத்தில் 500 தீனார் கேட்கப்பட்டிருந்தும், அண்டை வீட்டாரின் உரிமை குறித்து நபியவர்கள் கூறியதை நினைத்து, ஸஃது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு அதைவிடக் குறைந்த விலைக்குத் தவணையில் கொடுத்த செய்தி புகாரியில் உள்ளது. அண்டை வீட்டாருக்கு ஷுஃப்ஆ எனும் முன்னுரிமை சட்டப்படி உண்டு என்பது ஹனஃபி மத்ஹபு. ஷாஃபிஈ மத்ஹபில் அது கூட்டு உரிமையாளருக்கு மட்டுமே. சட்டம் எதுவாயினும் அண்டை வீட்டாருக்கு விட்டுக்கொடுப்பது அழகிய பண்பு.

ஆனால் அபூ ராஃபிஃ விட்டுக்கொடுத்தது தம் சொந்தப் பொருளை. இங்கோ ராத்தாவின் பங்கும் தங்கையின் பங்கும் கலந்திருந்தன. பிறர் பங்கில் தாராளம் காட்ட எவருக்கும் உரிமையில்லை. ஆகவே காக்காவும் நானும் கலந்து, அந்த இரண்டு லட்சத்தை எங்கள் இருவர் பங்கிலிருந்து மட்டும் கழிப்பது என்று தீர்மானித்தோம். 48 லட்சத்துக்கு விற்றிருந்தால் கிடைத்திருக்கும் எட்டெட்டு லட்சத்தை, முன்பணத்திலிருந்தே சகோதரிகள் இருவருக்கும் முதலில் வங்கி வழியே கொடுத்தோம். எங்களுக்குப் பதினைந்து பதினைந்து. முதலில் சொன்னவர் காக்காதான்.

வீட்டை விற்ற பணத்தை அதுபோன்ற ஒன்றிலேயே இடாவிட்டால் அதில் பரக்கத் இராது என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு இப்னு மாஜாவில் உள்ளது. கையிலுள்ள ரொக்கம் கல்யாணத்திலும் கடனிலும் கரைவதைக் கண்டவர்களுக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். ராத்தா தம் எட்டு லட்சத்தைக் கொண்டு, மகன் வேலை செய்யும் ஊரில் ஒரு சிறு மனை வாங்கியிருக்கிறார். கிரயம் பேசுமுன் அவர் விற்பவரிடம் கேட்ட முதல் கேள்வி, கோடையில் அங்கே தண்ணீர் எப்படி என்பது.