எட்டுக் கட்டமும் இரண்டு கையும்

லண்டன்



டிசம்பரில் பெங்களூரு வந்திருந்தபோது அண்ணன் மகளோடு இந்திராநகரில் ஒரு சால்சா வகுப்புக்குப் போனேன். முடிந்ததும் நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். "அதான் ஃபோன்ல எடுத்தாச்சே அத்தை, எதுக்கு எழுதறீங்க?" என்றாள். வீட்டுக்கு வந்து வீடியோவைப் பார்த்தோம். முக்கியமான இடத்தில் ஆசிரியரின் முதுகு மறைத்திருந்தது. எந்தக் கையை விட்டார், எந்தக் கையைப் பிடித்தார் என்று நாலு தடவை ஓட்டிப் பார்த்தும் தெரியவில்லை. என் நோட்டில் இருந்தது.

இந்தப் பழக்கம் சிறு வயதில் அல்சூரில் பரதம் கற்றபோது வந்தது. ஆதி தாளத்துக்கு எட்டுக் கட்டம் போட்டு, உள்ளே அடவின் சொல்லை எழுதுவோம்; அடவு என்பது பரதத்தின் அடிப்படை அசைவு. 'தெய்யா தெய்' என்று இருந்தால் தட்டடவு. சொல்லைப் பார்த்ததும் கால் தன்னால் எழும்.

சால்சாவுக்கும் எட்டு எண்ணிக்கைதான். 1, 2, 3இல் அடி, 4இல் இல்லை. 5, 6, 7இல் அடி, 8இல் இல்லை. அதே கட்டத்தைப் போட்டேன். ஒரே மாலையில் கால் கணக்கு முடிந்துவிட்டது, ஆனால் ஒன்றுக்கும் உதவவில்லை. ஒரு மூவுக்கும் அடுத்த மூவுக்கும் கால் அதிகம் மாறுவதில்லை, மாறுவது கை. அதனால் கட்டத்துக்கு இரண்டு எழுத்து வைத்தேன்: முதல் எழுத்து நடத்துபவரின் கை, அடுத்தது உடன் ஆடுபவரின் கை. 'இவ' என்றால் அவருடைய இடது கையில் இவளுடைய வலது கை. 'வவ' என்றால் கைகுலுக்கும் பிடி. மேலே கோடு போட்டால் கை தலைக்கு மேல். சுழி போட்டால் சுற்று. அவள் அவரைக் கடந்து எதிர்ப்பக்கம் போகும் 'க்ராஸ் பாடி லீட்'டை எழுதும்போது 5ஆம் கட்டத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டியிருந்தது. அங்கே அவளை இழுக்கக் கூடாது, ஏற்கெனவே விலகித் திறந்த வழியில் அவளை நடக்க விட வேண்டும். அந்தப் புள்ளிக்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

நடனத்தை எழுதுவதற்கென்றே 1928இல் நடன அறிஞர் ருடால்ஃப் லாபான் வெளியிட்ட முறையில் ஏட்டைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். குறி எவ்வளவு நீளமோ அசைவு அவ்வளவு நேரம். முழு உடம்பையும் எழுதிவிடலாம். ஆனால் படிக்கவே தனியாகப் பயிற்சி வேண்டும். கியூபாவின் ஹவானாவில் வேறு வழி கண்டார்கள். 'ருவேதா' என்ற ஆட்டத்தில் ஜோடிகள் வட்டமாக நிற்க, ஒருவர் மூவின் பெயரைக் கூவுவார்; எல்லோரும் ஒன்றாக அதை ஆடுவார்கள். ஒரு மூவுக்கு 'எழுபது' என்றே பெயர். நம் நட்டுவனார் சொல்லும் சொற்கட்டு போலத்தான் இது. ஏற்கெனவே தெரிந்தவருக்கு அந்தப் பெயர் போதும். தெரியாதவருக்கு அது வெறும் சத்தம்.

தெரியாதவருக்காகவும் எழுதியவர் பெங்களூரிலேயே இருந்தார். சென்ட்ரல் கல்லூரியில் வேதியியல் கற்பித்த யு. எஸ். கிருஷ்ண ராவ், மனைவி சந்திரபாகா தேவியோடு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்றவர். பின்னாளில் அவர் பரதத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் அகராதியே எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளை வரையறுத்து விளக்க முனைந்ததில் அந்த வேதியியல் ஆசிரியரைத்தான் நான் காண்கிறேன். பின்னர் அதே ஊரில் ஆட்டக்களரி என்ற நடன அமைப்பு, 'நாகரிகா' என்ற திட்டத்தில் பரதத்தின் அசைவுகளைக் கணினியில் பார்த்துப் பழகும்படி பதிவு செய்தது. வீடியோவை நான் வெறுக்கவில்லை. அன்று ஒருவர் ஆடியதை அது காட்டும். அதில் எது அடவு, எது அவருடைய பழக்கம் என்று பிரிக்க எழுதித்தான் ஆக வேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய அடவு நோட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓரங்களில் டீச்சர் சொன்ன திருத்தங்கள் பென்சிலில் இருக்கும். அவை மங்குவதற்குள் பேனாவால் எழுதி வையுங்கள்.